கடல் கடந்து வந்த அளவுகோல்

நம் மாட்டுப்பட்டிக்கு அயல்நாட்டு வரவு புதிதன்று. 1963-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் துணையோடு இங்குக் கால்நடைத் திட்டம் தொடங்கிற்று. அந்நாட்டுக் காளையும் நம் பசுவும் கலந்து சுனந்தினி என்னும் இனம் பிறந்தது. மாட்டுக்கு அக்கணக்குப் பொருந்திற்று. ஆயின் மேனாட்டார் சிலர் அதே கணக்கை மனிதக் குழந்தைகளுக்கும் போட்டனர். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பற்றிய உளநூலின் வரலாற்றில் அதுவும் ஓர் ஏடு. நம் இல்லங்களிலும் அத்தகைய செல்வங்கள் உண்டாதலின், அதனை ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

நம் முன்னோர் இப்பிள்ளைகளை 'மந்தம்' என்றனர்; ஊழ்வினை என்று வருந்தினர். ஆங்கில ஆட்சியோ 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பித்தர்' என்னும் சொல்லுக்குள்ளேயே இவர்களையும் அடக்கிவிட்டது. மனநோய் வேறு, வளர்ச்சிக் குறை வேறு என்று நம் நாட்டு மனநலச் சட்டம் பிரித்துரைத்தது 1987-இல். இடையே எழுபத்தைந்து ஆண்டுகள்!

பாரிஸ் நகரில் ஆல்பிரெட் பினே 1905-இல் சைமன் என்பாருடன் அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைக்குத் தனியுதவி கிடைக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். பயிற்சியால் அறிவு வளரும் என்றும் அவர் நம்பினார். அமெரிக்கா சென்றதும் அக்கருவி நிறம் மாறிற்று. காடர்டு என்பார் 1912-இல் ஒரு குடும்பத்தின் கதையை நூலாக்கி, இக்குறை வழிவழி வருவது, ஆதலின் இவர்களைப் பிரித்து வைத்துச் சந்ததியைத் தடுக்கவேண்டும் என்றார். அந்நூலின் சான்றுகள் பழுதென்று பின்னர்த் தெளிந்தது. ஆயினும் அந்நாட்டு மாநிலச் சட்டங்களால் கருத்தடைக்கு ஆளானோர் பல்லாயிரவர்.

பினேயின் சோதனையை லாகூரில் ரைஸ் என்பார் நம் நாட்டுக்கு ஏற்ப அமைத்து 1929-இல் வெளியிட்டார். அடுத்த பத்தாண்டில் வி. வி. காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் தக்கவாறு திருத்தினார். நற்பணிதான். எனினும், லயத்தில் தமிழ் பேசி வளரும் பிள்ளையைப் பிறமொழியில் வினவி அளந்தால், அளக்கப்படுவது அறிவா, மொழியா?

மேனாட்டிலிருந்து வேறோர் ஓடையும் வந்தது. பிரான்சில் இடார்டும் செகுவினும் இத்தகைய குழந்தைகளுக்குக் கைப்பொருள்களால் கற்பித்தனர். அவ்வழியைப் பின்பற்றி ரோம் நகரில் இக்குழந்தைகளிடையே பணியைத் தொடங்கியவரே மரியா மாண்டிசோரி அம்மையார். 1939-இல் சென்னைக்கு வந்த அவர், உலகப்போர்க் காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். நம் டாப் ஸ்டேஷனில் நின்று கிழக்கே நோக்கின், அம்மலைகளுக்கு அப்பால்தான் கொடைக்கானல்! அவர் முறை வசதியுள்ளோர் பள்ளிகளில் பரவிற்று. எக்குழந்தைகளிடையே அது முளைவிட்டதோ, அவர்களை நாம் மறந்தோம்.

மூணாற்றில் தோட்டத் தொழிலாளரின் இத்தகைய பிள்ளைகளுக்கெனச் 'சிருஷ்டி' பணி தொடங்கியது 1991-இல். அங்கே பயின்று வளர்ந்தோர், தேயிலைக் கழிவிலிருந்தும் யூகலிப்டஸ் இலையிலிருந்தும் சாயம் இறக்கித் துணி தோய்க்கின்றனர்; கூலியை வீட்டுக்குக் கொணர்கின்றனர்.