கடல்கடந்த தொழிலும் உரையாடலின் விலையும்

கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு என்பது நம்மவரின் நெடுங்கால நம்பிக்கை. ஆயின், ஒருவரின் நிபுணத்துவம் பெறும் விலை, வேலை தருவோருடன் அவர் எவ்வழியில் உரையாட முடிகின்றது என்பதையும் பொறுத்தது. இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது.

1968 ஆம் ஆண்டிற் பம்பாயில் நிறுவப்பட்ட ரீ.சி.எஸ். நிறுவனம், 1970களில் அமெரிக்கக் கணனி நிறுவனமான பரோசுடன் தொடர்புகொண்டு வெளிநாட்டு வேலைகளை ஏற்கத் தொடங்கிற்று. தொலைபேசி அழைப்புக்குப் பெருஞ் செலவாகிய அக்காலத்தில், வாடிக்கையாளரின் தேவையை அறிய அவரது அலுவலகத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. எனவே, மென்பொருளைவிட அதனை எழுதுவோரே பெரிதும் கடல் கடந்தனர்.

1985 ஆம் ஆண்டிற் பெங்களூரில் நிலையம் அமைத்த ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் செய்மதி மூலம் அதனை அமெரிக்காவுடன் இணைத்தது. 1991 இல் இந்திய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் இத்தகைய வசதியைச் சிறு நிறுவனங்களுக்கும் அளித்தது. இப்போது வேலை பயணஞ் செய்தது. ஆள் ஊரில் இருந்தார். ஆனால், பெங்களூரிற் பகலாயிருக்கையில் அமெரிக்காவில் இரவு. ஆகவே சிலர் வாடிக்கையாளரின் அருகிலும் பலர் இந்தியாவிலும் பணிபுரியும் முறை வேரூன்றியது. அருகிலிருந்தோரின் ஒரு மணிநேர உழைப்புக்கு உயர்ந்த கட்டணம் அறவிடப்பட்டது. வாழ்க்கைச் செலவின் வேறுபாடு இதற்கு ஒரு காரணமே. எனினும் தேவையை நேரிற் கேட்டு விளங்கிக்கொள்ளும் வாய்ப்பும் அக்கட்டணத்துள் அடங்கியிருந்தது.

நேரிற் பேச இயலாதவிடத்து எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. 1993 இல் பெங்களூரிலிருந்த மொட்டரோலா மென்பொருட் பிரிவு, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்ட செயன்முறை முதிர்ச்சி அளவுகோலின் அதியுயர்வான ஐந்தாம் படியை எட்டியது. முகமறியா வாடிக்கையாளரின் நம்பிக்கையை இத்தகைய சான்றுகள் ஈட்டித்தந்தன. 2000 ஆம் ஆண்டுக்கு முன்னர், ஆண்டினை ஈரிலக்கத்திற் பதிந்திருந்த பழைய நிரல்களைத் திருத்தும் வேலை இந்தியாவுக்குப் பெருமளவில் வந்தமைக்கும் இதுவே ஒரு காரணம்: செய்யவேண்டியதை எழுத்தில் முழுமையாக வரையறுக்க முடிந்தது.

இங்கு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. முழுமையாக எழுதக்கூடிய வேலையை வேறொருவரும் செய்யலாம். மலிவாகச் செய்வோரிடம் அது செல்லும். எழுத்து தொழிலைக் கொண்டுவந்தது. அதே எழுத்து தொழிலாளரை எளிதில் மாற்றத்தக்கவராகவும் ஆக்கியது. 'இது ஏன் தேவை?' என வினவும் இடத்தில் அமர்ந்தவரின் அறிவு ஆலோசனையாக மதிக்கப்பட்டது. வினவ இடமில்லாதவரின் அதே அறிவு மணிக்கணக்கில் அளக்கப்பட்டது. தொலைதூரத் தொழிலை நாடும் நாடுகள் திறமையை வளர்ப்பதோடு அவ்வினாவுக்குரிய இடத்தையும் வேண்டிப் பெறுதல் அவசியமாகும்.