வட்டுக்கோட்டையும் அயலூர்ப் புனிதரும்

வட்டுக்கோட்டை என்றதும் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியும், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயமாக விளங்கும் பழைய கோயிலும் நினைவுக்கு வரும். அக்கோயிலில் புனிதர்களின் சுரூபங்களைக் காணமுடியாது. ஆனால் நமது அயலின் கிறிஸ்தவ வரலாறு புனிதர்களோடுதான் தொடங்குகிறது.

1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஊர்தோறும் கோயில் எழுப்பினர். வட்டுக்கோட்டையிலும் ஒன்று எழுந்தது. புதிய சமயம் மக்கள் நாவில் ஏறியது அம்மானையாகவும் பள்ளாகவுமே. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். போர்த்துக்கேயரின் 'சந்தியாகோ மையோர்', அதாவது பெரிய யாகப்பர், தமிழில் சந்தியோகுமையோர் ஆனார். கிளாலியில் அவருக்கு இன்றும் திருவிழா எடுக்கிறார்கள். சந்தியாப்பிள்ளை, சூசைப்பிள்ளை, அந்தோனிப்பிள்ளை என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்டபோது அப்புனிதர்கள் உறவினர்போலவே வீட்டுக்குள் வந்துவிட்டனர்.

1658இல் ஒல்லாந்தர் வந்ததும் நிலைமை மாறியது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர்; கோயில்கள் புரட்டஸ்தாந்துக் கோயில்களாயின; சுரூபங்கள் அகற்றப்பட்டன. உத்தியோகம் பெறவும் விவாகத்தைப் பதியவும் புரட்டஸ்தாந்து ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. வெளியே ஒரு சமயமும் உள்ளே ஒரு சமயமுமாகப் பலர் வாழ்ந்தனர்.

இவ்வேளையில், 1687இல், கோவையைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். இது கோயம்புத்தூரல்ல, போர்த்துக்கேயர் ஆண்ட கோவா. கடும் வயிற்றுளைவால் வாடிய அவருக்குக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவர் ஒரு பெண் என்பது மரபு. பின்னர் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டவர்களின் முகக்குறிப்பிலிருந்து கத்தோலிக்கரை இனங்கண்டார். நமக்குச் சில மைல் தொலைவிலுள்ள சில்லாலை அவருக்கு அடைக்கலம் தந்தது. பூசை இரவிலே, வீடுகளிலே நடந்தது. ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது அவர் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே ஒற்றனென்று சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளரைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைத் திருச்சபையின் முதற் புனிதர் அவரே.

புரட்டஸ்தாந்து மரபில் வளர்ந்தோர் புனிதரிடம் மன்றாடுவதில்லை. 'பரிசுத்தவான்கள்' என்ற சொல்லால் விசுவாசிகள் அனைவரையுமே குறிக்கின்றனர். அயலிலோ, செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்துச் செல்லும் சைவப் பெண்களையும் கண்டிருக்கிறோம். சமய எல்லைகளைப் பெரியோர் வரைந்தார்கள். நோயும் பிள்ளைக்கவலையும் வந்தபோது தாய்மார் அவற்றைக் கடந்தார்கள்.

கஞ்சி கொடுத்த பெண்ணுக்குத் திருவிழா இல்லை. குருவுக்கு வீட்டுக் கதவைத் திறந்தவர்களும், குருவில்லாத முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் இல்லாவிடில், வந்த குருவுக்குத் தேடிக்காண ஒரு மந்தையே இருந்திராது.

நூற்றாண்டு காணும் நமது சங்கத்தின் சகோதரிகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்கிறார்கள். உங்கள் பாட்டிமார் சொன்ன கோயிற் கதைகளையும் நேர்த்திகளையும் பெயர்களின் காரணங்களையும் எழுதிவையுங்கள். ஒல்லாந்தரின் ஆணைகள் ஏட்டில் இருக்கின்றன. நம் பெண்கள் காத்தவை பெரும்பாலும் வாய்மொழியில்தான் இருக்கின்றன.