ஏலமலையும் எழுதப்படாத உரிமையும்

போடிநாயக்கனூர்க் கிடங்குகளில் ஏலக்காய் பொறுக்கும் நம் பெண்டிரைக் காணாத இளைஞர் இலர். அக்காய் விளையும் மலையின் வரலாற்றை அறிந்தோரோ மிகச் சிலர்.

19ஆம் நூற்றாண்டில் ஏலமலை திருவிதாங்கூர் அரசின் ஆளுகையில் இருந்தது. பயிரிட்டோருள் பலர் கம்பம் பள்ளத்தாக்கினின்று ஏறிச் சென்ற தமிழர். விளைந்த காயை அரசிடமே ஒப்படைத்தல் வேண்டும். அரசு குறித்த தொகையே கிடைக்கும். வெளிச்சந்தையில் விலை மிகுந்திருந்தமையால் காய் களவாக மலையிறங்கிற்று. தடுப்பதற்குக் காவல் வைக்கவேண்டியதாயிற்று. 1896ஆம் ஆண்டில் இத்தனியுரிமை நீங்கி நிலவரி வந்தது. மறு ஆண்டே ஏலமலைக் காடு ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பெற்றது. ஏலம் நிழலில் வளர்வது. மரம் வீழ்ந்தால் பயிரும் வீழும். ஆதலின் நிலம் வருவாய்த் துறையிடமும் மரம் வனத்துறையிடமுமாக இருவகை ஆட்சி ஏற்பட்டது. வளத்தை அழிக்காது பயன்கொள்ளும் முறை என்ற அளவில் இது பாராட்டத்தக்கதே.

ஆயினும் அம்முறையில் அரசுக்கு வரி உண்டு. குத்தகையாளர்க்கு விளைச்சல் உண்டு. மரத்திற்குங்கூடக் காவல் உண்டு. களை பறித்து, நாள் முழுதும் குனிந்து சரத்தினின்று காய் பறிப்போர்க்குக் கூலியன்றி வேறெதுவும் எழுதப்படவில்லை. ஏலச்செடி நட்டுப் பலன் காண மூன்றாண்டு ஆகும். கங்காணியிடம் முன்பணம் பெற்று மலையேறியவர் அதுவரை எதனை உண்டு காத்திருப்பர்?

மலைக்கு இப்பால், சென்னை மாகாணத்தில், செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின் பயனாக, 1892ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. பட்டாவில் உள்ளதைப் படித்துச் சொல்ல ஆளில்லாத வீடுகளில் இஃது எளிதாக நிகழ்ந்தது.

சட்டத்தின் கதையும் அத்தகையதே. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, இரப்பர், சின்கோனா ஆகியவற்றையே முதலில் பெயர் குறித்தது. ஏலம் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே அதிற் சேர்ந்தது. அப்போதும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் பெரும்பாலும் புறத்தே நின்றன. ஏலத்தோட்டங்களுள் சிறியனவோ பல. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் என்று அச்சட்டம் கூறிய வசதிகள், விடியற்காலையில் போடியினின்று ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுவோரை எங்ஙனம் எட்டும்?

2018ஆம் ஆண்டுப் பெருமழையாலும் அடுத்து வந்த வறட்சியாலும் விளைச்சல் குன்றவே, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலக்கூடத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. அவ்வாரத்திலும் காய் பறித்தவர் பெற்றது பழைய நாட்கூலியே.