வாசலில் வந்து நிற்கும் சிறுவர்

பண்டிகை நாளில் அண்டை வீட்டுச் சிறுவர் வாசலில் வந்து நிற்பதும், வீட்டார் அவர்கள் கையில் தின்பண்டமோ சிறு காசோ வைத்து அனுப்புவதும் எளிய செயல்களாகத் தோன்றும். ஆயினும் இவ்வழக்கத்தின் வேரை ஆராயுங்கால், உலகின் பல பகுதிகளில் அது இறந்தோர் வழிபாட்டை அடுத்தே வளர்ந்திருப்பது புலனாகும்.

மேனாட்டில் அக்டோபர் 31ஆம் நாள் இரவு கொண்டாடப்பெறும் ஹாலோவீன் இதற்கொரு சான்று. மறுநாள் நவம்பர் 1 புனிதர் அனைவருக்கும் உரியது. நவம்பர் 2 இறந்தோர் அனைவரையும் நினைப்பதற்குரியது. பண்டை இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவரும் அந்நாள்களில் வீடு வீடாகச் சென்றனர். அவ்வீட்டில் மறைந்தோருக்காகச் செபம் சொல்லி, அதற்கீடாக ‘ஆன்ம அப்பம்’ பெற்றனர். வேடம் புனைந்து வீடுதோறும் செல்லும் வழக்கத்தை அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் வட அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் அமெரிக்காவில் நீங்கிய பின்னர், மிட்டாய் வழங்குதல் அங்கே பெருவழக்காயிற்று. செபம் மறைந்தது, இனிப்பு நிலைத்தது.

தீபகற்ப மலேசியாவின் தென்கோடியிலுள்ள ஜொகூர் மாநிலத்திலோ சிறுவரின் வருகை ஒரு நாளோடு முடிவதன்று. நோன்புப் பெருநாளில் அவர்கள் மலாய்க்காரர் வீடுகளில் பச்சை உறையில் காசு பெறுகின்றனர். சீனப் புத்தாண்டில் சிவப்பு உறையிட்ட அங்பாவ் கிடைக்கிறது. தீபாவளிக்குத் தமிழர் வீடுகளில் ஊதா உறை காத்திருக்கிறது. பச்சையும் ஊதாவும் சீனரின் சிவப்பு உறையைக் கண்டு பிறந்தவையே.

இம்மூன்று விழாக்களிலும் மறைந்தோர் நினைவு முன்னிற்பது கருதத்தக்கது. மலாய்க் குடும்பத்தார் பெருநாள் காலையில் அடக்கத்தலம் செல்வர். சீனர் புத்தாண்டுக்கு முன்னாளில் முன்னோருக்கு உணவு படைப்பர். மலேசியத் தமிழருள் பலர், தீபாவளிக்கு முன்னிரவில், இறந்தவர் விரும்பி உண்டதைச் சமைத்துப் படையலிடுவர். முதற்பங்கு முன்னோருக்கு, அடுத்த பங்கு வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு.

இப்பலகாரத் தட்டு இனங்களின் எல்லையைக் கடந்த கதை எளிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே திரட்டப்பட்ட தமிழர், தோட்ட லயங்களில் குடியமர்ந்தனர். மலாய்க்காரர் பெரும்பாலும் கம்பத்திலும், சீனர் பட்டணத்திலும் சுரங்கத்திலும் வாழ்ந்தமையால், லயத்துச் சிறுவனுக்கு அண்டை வீடு என்பது மற்றொரு தமிழர் வீடே. 1948இல் அவசரகாலச் சட்டம் வந்தபின் இப்பிரிவு கம்பி வேலியாகவே காட்சியளித்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு எட்டாதபடி, குடியிருப்பின் வேலிக்கு வெளியே அரிசி முதலியன கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. ஜொகூர் அக்கெடுபிடியை நெடுநாள் அனுபவித்த மாநிலங்களுள் ஒன்று. சோற்றுப் பொட்டலமே ஐயத்துக்குரிய பொருளாயிருந்த அக்காலம் 1960 ஜூலை 31இல்தான் முடிவுற்றது.

அந்த ஆண்டுகளிலேயே பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழக்கும் நிலை கண்டு, வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பின்வந்த ஆண்டுகளில் மக்கள் நகர்ப்புறம் நோக்கிப் பெயர்ந்தது நிற்கவில்லை. லயத்தை விட்டவர்கள் ஜொகூர் பாருவின் அடுக்கு வரிசை வீடுகளில், மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே குடியேறினர். தோட்டத்தின் உறவு குலைந்தது. ஆனால் சுவருக்கு அப்பால் வேற்று மொழி பேசும் சிறுவன் முதன்முறையாக அண்டை வீட்டுப் பிள்ளையானான்.

அவனுக்கு எதைக் கொடுப்பது? அரிசி மாவில் பிழிந்த முறுக்கு இதற்கு நல்ல விடையாயிற்று. மாமிசம் கலவாத பண்டமாதலால், சமய விலக்குகளைப் பேணும் வீட்டாரும் அதைத் தயக்கமின்றி ஏற்க முடிகிறது. இன்று பிற இனத்தார் பெருநாள் மேசைகளிலும் முறுக்கு இடம்பெறுகிறது.

2005இல் தீபாவளி நவம்பர் 1இலும் நோன்புப் பெருநாள் நவம்பர் 3இலும் அடுத்தடுத்து வந்தன. 2024இல் தீபாவளி அக்டோபர் 31இலேயே, ஹாலோவீன் நாளிலேயே அமைந்தது. நாள்கள் இவ்வாறு நெருங்குதல் கணக்கின் விளைவு. வீடுகள் நெருங்குதல் மனிதர் செயல். இரும்புக் கதவும் காவற்சாவடியும் பெருகிவரும் குடியிருப்புகளில், அழைப்பின்றி வரும் பிள்ளைக்குக் கதவைத் திறப்பார் குறைந்தால் இவ்வழக்கம் உறவினருக்குள் சுருங்கிவிடும். வேலி கடந்து வந்த தட்டு மீண்டும் வேலிக்குள் அடங்காமற் காப்பது வீட்டார் கையிலேயே உள்ளது.