பெயர் எழுதாத கேசட்

நான் எடுத்த முதல் படம் ஏழு நிமிடம் ஓடும். 1996, ஆடி மாதம். எனக்குப் பத்து வயது. விருதுநகரில் மாமா வீடியோ கடை வைத்திருந்தார். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் அவருடைய வி.எச்.எஸ். கேமரா வீட்டில் சும்மா கிடந்தது. பெரியவர்கள் தோளில் வைத்துப் பிடிக்கும் கேமரா அது. என்னால் தூக்க முடியவில்லை. ஆட்டுக்கல்லின் மேல் போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்தேன். அம்மாச்சிதான் பேய். லைட் இல்லாததால் எங்கள் பேய் பட்டப்பகலில் வந்தது.

எடிட் செய்ய வழி கிடையாது. கதை எந்த வரிசையோ அதே வரிசையில்தான் எடுக்க வேண்டும். தப்பானால் ரீவைண்ட் செய்து, அதன் மேலேயே மறுபடி எடுக்க வேண்டும். பயமுறுத்த வேண்டிய இடத்தில் அம்மாச்சி ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டார். நாலாவது முறை அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்ததும் அந்தக் கேசட்டில் யாருடையதோ காதுகுத்து பதிவாகிவிட்டது. மாமாவைக் குறை சொல்ல முடியாது. கேசட்டின் முதுகில் நான் எதுவும் எழுதி ஒட்டவில்லை. எழுத்தில்லாத கேசட் என்றால் கடைக்காரர்களுக்குக் காலிக் கேசட்.

பின்னாளில் டி.பி. ராஜலட்சுமியைப் பற்றிப் படித்தபோது இந்தக் கேசட் நினைவுக்கு வந்தது. 1931-இல் 'காளிதாஸ்' படத்தின் நாயகி அவர். 1936-இல் 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே ஃபாத்மா பேகம் இயக்கிய 'புல்புல்-ஏ-பரிஸ்தான்' படமும் இல்லை. அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். நாளாக ஆகத் தானே சிதையும். ஆண்கள் எடுத்த படங்களும் ஏராளமாக அழிந்தன. ஆனால் பெண்கள் எடுத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று போனாலும், பெண்கள் படம் எடுத்தார்கள் என்பதே வெறும் தகவலாகிவிடுகிறது.

கல்லூரிக் காலத்தில், 2005 வாக்கில், தோழிகள் காசு சேர்த்து ஒரு ஹேண்டிகேமை வாடகைக்கு எடுத்தோம். ஒரு மணி நேரம் ஓடும் மினி டிவி கேசட்டை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டோம். எடிட்டிங் கடைகளில் பகலெல்லாம் கல்யாண வேலை. எங்களுக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது இரவில் மட்டும். நான் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று நிமிடம், நொடி வாரியாகத் தாளில் எழுதித் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். படம் முடிந்து வந்தபோது, 'எடிட்டிங்' என்று அவன் பெயர் இருந்தது. அவன் கேட்கவில்லை, கடைக்காரர் தானாகப் போட்டது. நானும் மாற்றச் சொல்லவில்லை.

ஒரு குறும்படப் போட்டியில் அதைப் பார்த்த நடுவர், சமையலறை, கிணற்றடி, மொட்டைமாடி என்று வீட்டுக்குள்ளேயே கதை நகர்வதைப் பாராட்டினார். வாசலைத் தாண்டிக் கேமராவோடு நிற்க எனக்கு அனுமதி இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மாயா டெரனும் வீட்டுக்குள் படம் எடுத்தவர்தான். 1943-இல் கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸில் தாங்கள் குடியிருந்த வீட்டில், 16 எம்.எம். கேமராவில் 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' எடுத்தார். அமெச்சூர் என்ற சொல்லின் வேர்ப்பொருள் 'நேசிப்பவர்' என்று பின்னர் ஒரு கட்டுரையில் நினைவூட்டினார். எனக்குப் பிடித்த விளக்கம் அது. ஆனால் நேசிப்பதற்கும் நேரம் வேண்டும், இரவு வேண்டும், தெரு வேண்டும். கேமரா மலிவானால் பெண்கள் படம் எடுத்துவிடுவார்கள் என்பது பாதி உண்மைதான். ரீமா தாஸ் அசாமில் தன் சொந்தக் கிராமத்துப் பிள்ளைகளை வைத்து, தானே கேமரா பிடித்து, தானே எடிட் செய்து 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' எடுத்தார். 2018-இல் அதற்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, கேமராவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, அந்த வயல்வெளியில் அவர் நாள்கணக்கில் நின்றிருக்க முடிந்தது என்பதுதான்.

அம்மாச்சி 2009-இல் இறந்தார். மாமாவின் கேசட்டுகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான கல்யாணங்கள். சொந்தக்காரர் வீட்டுப் பந்திகளில் சாம்பார் வாளியோடு ஒரு கை வந்து போகிறது. வளையலை வைத்து அது அம்மாச்சி என்று கண்டுபிடித்தேன். முகம் எங்குமில்லை. அவர் சிரித்தது என் படத்தில் மட்டும்தான்.

இப்போது பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் படம் எடுக்கக் கற்றுத் தருகிறேன். படத்தின் பெயர், எடுத்தவள் பெயர், நடித்தவர்கள் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். எங்கள் முதல் ஷாட் எப்போதும் அந்தத் தாள்தான்.