அடுத்து யார்? பாத்திர விளையாட்டுகளில் முறைவரிசையின் வரலாறு

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அமெரிக்காவில் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில், உரையாடலில் முறைமாற்றம் குறித்துச் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் எழுதிய கட்டுரை ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் வெளியானது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இவ்விரண்டுக்கும் பொதுவான வினா ஒன்று உண்டு: பலர் கூடியிருக்கும் இடத்தில் அடுத்து யார்?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சின் வழியே கதையை நகர்த்துவதே இவ்வகை விளையாட்டு. ஆட்டத்தின் பெரும்பகுதியில் வரிசை ஏதுமில்லை. சண்டை மூண்டதும் மட்டும் வரிசை வந்துவிடுகிறது. காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. இதற்கு முன்னோடியான ‘செயின்மெயில்’ (1971) ஒரு போர் விளையாட்டு. அதில் இரு தரப்பும் பகடை உருட்டும். கூடுதல் எண் பெற்ற தரப்பு, முதலில் நகர்வதா பின்னர் நகர்வதா எனத் தேர்ந்துகொள்ளும். அங்கே முறை என்பது படைக்கு உரியது, தனியாளுக்கு உரியதன்று. 1977இல் ஹோம்ஸ் தொகுத்த பதிப்பில் சுறுசுறுப்பு மிக்க பாத்திரம் முந்தியது. 1981இல் மோல்ட்வே பதிப்பு மீண்டும் தரப்புக்கொரு பகடை என்றது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான், சண்டையின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் இருபதுமுகப் பகடையை ஒருமுறை உருட்டி, அவ்வரிசையிலேயே சுற்றிவரும் வழக்கம் நிலைபெற்றது.

மேற்கண்ட கட்டுரை முன்வைத்த விதிகள் எளியவை. பேசுபவர் அடுத்தவரைத் தேர்ந்தால் அவருக்கே முறை. தேராவிட்டால் முதலில் தொடங்குபவருக்கு முறை. எவரும் தொடங்காவிட்டால் பேசியவரே தொடரலாம். முறைகள் அவ்வப்போது தீர்மானமாகும் உரையாடல் ஒரு முனை என்றால், அனைத்தும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட சடங்கு மறுமுனை. 2000ஆம் ஆண்டின் ஒழுங்கு சடங்கின் பக்கம் நிற்பது. கூச்சமுள்ள ஆட்டக்காரருக்கும் அங்கே முறை உறுதி. ஆனால் தன் முறை முடிந்தவர் ஒரு சுற்று முழுதும் காத்திருக்க வேண்டும், கவனம் சிதறும்.

மாற்று ஒழுங்குகள் இந்தக் காத்திருப்புக்கு எழுந்த மறுமொழிகள் எனலாம். ‘சாவேஜ் வேர்ல்ட்ஸ்’ (2003) சுற்றுதோறும் சீட்டுகளைப் பகிர்ந்து வரிசையைக் கலைக்கிறது; ஜோக்கர் கிடைத்தவர் விரும்பிய தருணத்தில் செயல்படலாம். ‘ஷேடோ ஆஃப் த டீமன் லார்ட்’ (2015) விரைவு முறை, நிதான முறை என்ற தேர்வைத் தருகிறது. விரைவை நாடுபவர் முந்துவார், ஆனால் குறைவாகவே செய்ய முடியும்.

மொழியியலாருக்கு இரண்டு முயற்சிகள் சிறப்பாக நோக்கத்தக்கவை. ‘மார்வெல் ஹீரோயிக்’ (2012) ஆட்டத்தில், செயல்பட்டு முடித்தவரே அடுத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இது முதல் விதியேதான். சுற்றின் இறுதியில் செயல்படுபவர் அடுத்த சுற்றுக்குத் தம்மையே தேர்ந்துகொள்ளலாம். எனவே பகைவரைக் கடைசிக்குத் தள்ளினால் அவர்கள் இருமுறை தொடர்ந்து தாக்கக்கூடும். இதனை உணர்ந்த ஆட்டக்காரர்கள் பகைவருக்கும் இடையிலேயே முறை தரக் கற்றுக்கொள்வார்கள். வின்சென்ட் பேக்கரின் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) விளையாட்டையே ஓர் உரையாடல் என வரையறுத்து, சண்டைக்கான வரிசையை முற்றிலும் கைவிட்டது. மேசையில் எவர் ஒதுங்கிப்போகிறார் எனக் கவனிக்கும் பொறுப்பு, விதியிலிருந்து ஆட்டத்தை நடத்துபவரின் மனச்சான்றுக்கு இடம்பெயர்ந்தது.

வரிசையை நீக்குவதே விடுதலை எனக் கருதிவிடலாகாது. அவ்விடத்தில் வெறுமை நிலவுவதில்லை. இரண்டாம் விதி வந்து அமர்கிறது. முதலில் வாய்திறப்பவருக்கே முறை எனும் அவ்விதி, உரத்த குரலுக்கும் தன்னம்பிக்கைக்கும் சாதகமானது. நம் கருத்தரங்குகளின் கேள்வி நேரம் இதற்குப் போதிய சான்று. சடங்கு சலிப்பூட்டலாம், ஆயினும், தானாக வாய்திறக்கத் தயங்குபவருக்கும் ஓர் இடத்தை அது முன்னதாகவே ஒதுக்கி வைக்கிறது. எந்த ஒழுங்கை மதிப்பிடும்போதும், அது யாரை வேகப்படுத்துகிறது என்பதோடு, யாருடைய மௌனத்தை எண்ணிப்பார்க்கிறது என்றும் கேட்கவேண்டும்.