என்.ஏ.டி. 3020

என்.ஏ.டி. 3020 என்பது 1978 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தப்பட்ட ஓர் இருதட ஒலி மிகைப்பி ஆகும். ஆம்ப்ளிபையர் எனப் பரவலாக அறியப்படும் இவ்வகைக் கருவிகளுள், குறைந்த விலையில் தரமான ஒலியைத் தந்தமைக்காக மிகுந்த புகழ் பெற்றது இதுவாகும். நியூ அகூஸ்டிக் டைமென்சன் என்பதன் சுருக்கமே என்.ஏ.டி. இந்நிறுவனம் 1972 இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. 3020 ஐ வடிவமைத்தவர் நோர்வே நாட்டுப் பொறியாளர் எரிக் எட்வர்ட்சன்.

பின்னணி

பதிவு செய்யப்பட்ட ஒலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் மீண்டும் ஒலிக்கச் செய்வது உயர் நம்பக ஒலி அல்லது ஹை-பை எனப்படும். வீட்டு ஒலியமைப்பு ஒன்றில் மூன்று உறுப்புகள் உள்ளன. அவை இசைத்தட்டுச் சுழலி போன்ற ஒலி மூலம், மிகைப்பி, ஒலிபெருக்கி என்பனவாகும்.

1970களில் மிகைப்பித் தயாரிப்பாளர்கள் வாட் எண்ணிக்கையைக் கொண்டே போட்டியிட்டனர். மிகைப்படுத்தப்பட்ட எண்கள் விளம்பரங்களில் பெருகியதால், ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974 இல் மிகைப்பிகளின் திறனை அளந்து கூறும் முறைக்கு விதி வகுத்தது. எனினும் அளவீடுகள் பெரும்பாலும் 8 ஓம் மின்தடை ஒன்றைக் கொண்டே செய்யப்பட்டன. உண்மையான ஒலிபெருக்கியின் மின்மறிப்பு ஒரே அளவில் நிற்பதில்லை, அதிர்வெண்ணுக்கேற்ப மாறும். 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கியும் சில அதிர்வெண்களில் 4 ஓம் அளவுக்குக் குறையலாம். அப்போது அதே மின்னழுத்தத்துக்கு இருமடங்கு மின்னோட்டம் தேவைப்படும். அதனை வழங்க இயலாத மிகைப்பி, தாளில் சிறந்த எண்களைக் கொண்டிருந்தாலும் வீட்டில் தடுமாறும்.

அமைப்பு

3020 இன் அறிவிக்கப்பட்ட திறன் தடமொன்றுக்கு 20 வாட் மட்டுமே. ஆனால் இசையில் திடீரென எழும் உரத்த ஒலிகளுக்காக, மிகக் குறுகிய நேரத்துக்கு ஏறத்தாழ இதன் இருமடங்கை அதனால் வழங்க முடிந்தது. குறைந்த மின்மறிப்புள்ள ஒலிபெருக்கிகளையும் அது இயக்கியது. திறனின் எல்லையை மீறும்போது அலையின் முகடு திடீரென வெட்டப்பட்டுக் கரகரப்பு எழுவது வழக்கம். இதனைத் தணிக்க, முகட்டை மென்மையாக மழுக்கும் சுற்று ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. வேண்டாதோர் அதனை நிறுத்தி வைக்கலாம். முன்மிகைப்பியும் திறன் மிகைப்பியும் பின்புறத்தில் கழற்றக்கூடிய உலோக இணைப்புகளால் பிணைக்கப்பட்டிருந்தன. எனவே இரண்டையும் தனித்தனியாகவும் பயன்படுத்தலாம். வெளித்தோற்றம் எளிமையானது.

வாட்டும் ஒலி அளவும்

வாட் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒலியின் உரப்பைக் கணிக்க இயலாது. 1 வாட் திறனில் 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி, 20 வாட்டில் ஏறத்தாழ 101 டெசிபெல் தரும். மிகைப்பியை 40 வாட்டாக உயர்த்தினால் கிடைப்பது 104 டெசிபெல், அதாவது 3 டெசிபெல் மட்டுமே கூடுதல். 91 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஒலிபெருக்கியைத் தெரிவு செய்தால் அதே பயன் கூடுதல் வாட் இன்றியே கிடைக்கும். காதுக்கு உரப்பு இருமடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும்.

பணத்தைப் பகிர்தல்

சிறு தொகையை மூன்று உறுப்புகளுக்கும் எவ்வாறு பகிர்வது என்பதில் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உள்ளது. கிளாஸ்கோவின் லின் நிறுவனத்தை நிறுவிய ஐவர் டீபன்பிரன், மூலத்தில் இழந்த தகவலைப் பின்னர் மீட்க இயலாது என்றும், ஆகவே மூலமே முதன்மையானது என்றும் வாதிட்டார். இசைத்தட்டுக் காலத்தில் இவ்வாதத்துக்கு வலு இருந்தது. தட்டின் ஏற்றத்தாழ்வும் சுழலியின் அதிர்வும் நேரடியாக ஒலியில் கலந்தன. நல்ல சுழலிக்குப் பெருந்தொகையும் மிகைப்பிக்குச் சிறுதொகையும் செலவிட விரும்பிய பிரித்தானிய வாங்குநர்களுக்கு 3020 பொருத்தமாக அமைந்தது.

1982 இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்த பின்னர் நிலை மாறியது. விலை குறைந்த எண்ணிம மூலங்களும் மிகக் குறைந்த இரைச்சலும் திரிபும் கொண்டவையாயின. இன்று கருவிகளுக்கிடையே காது உணரும் வேறுபாட்டில் பெரும்பங்கு ஒலிபெருக்கிக்கும் அறைக்குமே உரியது. எனவே புதிதாக வாங்குவோர் தொகையின் பெரும்பகுதியை ஒலிபெருக்கிக்கு ஒதுக்குவது தகும்.

தெரிவின்போது கவனிக்க வேண்டியவை

* இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணம் ஒன்றின் முனைகளில் இருப்பது நன்று. சுவருக்கும் மூலைக்கும் அருகில் வைத்தால் தாழ் அதிர்வெண்கள் மிகுந்து ஒலிக்கும்.
* இரு கருவிகளை ஒப்பிடும்போது உரப்பைச் சமப்படுத்த வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததெனக் காது எளிதில் ஏமாறும்.
* பி.எம்.பி.ஓ. என்னும் பெயரில் தரப்படும் மிகப்பெரிய வாட் எண்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படா. தொடர்ச்சியான திறனையும் அது எத்தனை ஓமில் அளக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.
* சில மீட்டர் தொலைவுக்குப் போதிய தடிப்புள்ள சாதாரணச் செப்புக் கம்பியே போதுமானது.
* பழைய கருவிகளில் மின்பகு மின்தேக்கிகள் நாளடைவில் தரமிழக்கும். பழைய ஒலிபெருக்கிகளின் விளிம்பு நுரை நொறுங்கக்கூடும். பழுதுபார்க்கும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பிந்திய வகைகள்

மூல வடிவத்தைத் தொடர்ந்து 3020ஏ, 3020பி, 3020இ, 3020ஐ ஆகியவை வெளிவந்தன. 1999 இல் என்.ஏ.டி. கனடாவின் லென்புரூக் குழுமத்தின் உடைமையானது. 2013 இல் எண்ணிம உள்ளீடுகளும் புளூடூத் வசதியும் கொண்ட டி 3020 வெளியிடப்பட்டது. மூல 3020 கருவிகள் பழைய பொருள் சந்தையில் இன்றும் வாங்கப்படுகின்றன. அவை நாற்பது ஆண்டுகளைக் கடந்தவை என்பதால், பயன்படுத்துமுன் உட்பாகங்களைச் சோதித்தல் அவசியமாகும்.